ஒட்டி வைத்த பக்கங்கள்

ஏனுங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காந்துக்கறீங்களா? இடம் பத்தலைன்னு இல்லீங்க. ஹெச்.எம். ரூம் கதவுல ஒரு கண்ணாடி இருக்குதுல்ல, உங்க தலை அதை மறைக்குது. தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா மடியில தூங்குதா? மெதுவா, மெதுவா. ஆங், போதும். இப்பத் தெரியுது. மஞ்சச் சுடிதார், ரெட்டைச் சடை. முதுகுதான் தெரியுது, பரவால்ல. அதுதான் என்ற பொண்ணு. நறுமுகை. எட்டு முடிஞ்சு ஒம்பது நடக்குது.

உங்களுக்கு எல்.கே.ஜி.யா? அப்ப உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்ல. எங்களுக்குத்தான் சிக்கல். நாலாங்கிளாஸ், அதுவும் நடு வருஷத்துல. யாரோ ஊர் மாறிப் போயிட்டாங்கன்னு ஒரே ஒரு இடம் காலியா இருக்குதாம். பொண்ணு ஒண்ணரை வருஷமா வீட்டுலதான் படிக்கிறான்னு சொன்னதும் ஹெச்.எம். மேடம் பரீட்சையே வேண்டாம்னுட்டாங்க. "நான் அவகூடப் பேசிப் பார்க்கறேங்க. என்கிட்ட வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினா சீட்டு. பேசலைன்னா அடுத்த ஜூன்ல பார்க்கலாம்"னு சொல்லி, என்னை வெளிய அனுப்பிட்டாங்க. அம்மாவை வெளிய அனுப்பிட்டு என்ன பேச்சு? நான் கூட இருந்தா எடுத்துக் கொடுப்பேன்ல?

பேச மாட்டாளுங்க. எழுதி வேணா தர்றேன். பத்து நிமிஷம் தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பா, "ம்"னு ஒண்ணு, "ம்ஹூம்"னு ஒண்ணு, அவ்வளவுதான். வெளிய வந்துருவா. பன்னெண்டே காலுக்கு எங்க பஸ்ஸு. வீட்டுக்குப் போயி, சாப்பிட்டு, ரெண்டு மணிக்குக் கதையை ஆரம்பிச்சிரலாம். புத்தகம் பையிலயே இருக்கு, பஸ்ஸுலயே கூட ஒரு அத்தியாயம் ஓட்டலாம். சந்தோஷமாச் சொல்றேன்னு நினைக்காதீங்க. உள்ளதைச் சொல்றேன்.

மணி என்னங்க? பதினொண்ணு பத்தா? இப்பத்தான் பதினொண்ணு அஞ்சுன்னு பார்த்தேன். அந்தக் கடிகாரம் சரியா ஓடுதான்னு தெரியல.

என் பேரு சுகந்தி. பம்ப் கம்பெனியில குவாலிட்டி செக்கிங்ல பதினோரு வருஷம் இருந்தேன். மோட்டாரை ஓட விட்டுக் காதை வெச்சா, உள்ள எது சரியில்லைன்னு சொல்லிருவேன். நான் கையெழுத்துப் போட்ட சரக்கு ஒண்ணு கூடத் திரும்பி வந்ததில்ல. அப்படி இருந்தவளுக்கு, ரெண்டாங்கிளாஸ் ரிப்போர்ட் கார்டுல அந்தப் பழைய ஸ்கூல் டீச்சர் என்ன எழுதிக் கொடுத்தாங்க தெரியுங்களா? "மெதுவாகக் கற்பவர்." என்ற புள்ளையை! மெதுவாவாம். எதைப் பொறுத்து மெதுவுன்னு கேட்டேன். நாப்பத்தெட்டுப் புள்ளைங்களை வெச்சுக்கிட்டு அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க. ஆனா அன்னைக்கு எனக்கு அதெல்லாம் தோணல. கண்ணு மண்ணு தெரியாத கோபம். டி.சி.யை வாங்கிட்டேன், ஒரே மாசத்துல வேலையையும் விட்டேன். நானே பாடம் நடத்தறேன், யாரு மெதுவுன்னு பார்த்துரலாம்னு.

எங்க வீட்டுக்காரர் பேரு மருதாசலம். லேத் பட்டறை வெச்சிருக்கார். நல்ல மனுசன், ஆனா எதுக்கும் பதறமாட்டார். அதுவே எனக்குப் பாதிப் பதட்டம். "சுகந்தி, நிதானமாப் பண்ணு"ன்னு மட்டும் சொன்னார். நிதானமாப் பண்ணினா மெதுவுன்னு எழுதிருவாங்களேன்னு நான் சொன்னேன்.

நல்லாத்தாங்க பண்ணினேன். ஒரு குறை வெக்கல. சாப்பாட்டு மேசையைச் சுவத்தோரம் தள்ளிக் கிளாஸ் ஆக்கினேன். ஒம்பது மணிக்கு எவர்சில்வர் தட்டுல கரண்டியால மணி அடிப்பேன். பழைய யூனிஃபார்மே போட்டுக்கணும், வீணாப் போகக்கூடாதில்ல? கழுத்துல ஐடி கார்டு. அட்டெண்டன்ஸ் எடுப்பேன். இருக்கிறது ஒரே புள்ளை, இருந்தாலும் "நம்பர் ஒண்ணு"ன்னு கூப்பிடுவேன், "பிரெசன்ட் மிஸ்"னு சொல்லணும். ஒம்பதுலருந்து மூணு வரைக்கும் நான் அம்மா இல்ல, மிஸ். அப்படி ஒரு கோடு போட்டாத்தான் பாடம் நடக்கும். மாசக் கடைசியில பெற்றோர் கூட்டம் கூட வெச்சேன். நீங்க சிரிக்கறீங்க. அவர் பட்டறையிலருந்து கிரீஸ் கையோட வந்து மேசைக்கு முன்னாடி நிப்பார், நான் மார்க்கைக் காட்டி விளக்குவேன். ஒரு தடவை எல்லாத்தையும் கேட்டுட்டு, "குழந்தையோட அம்மா வரலீங்களா மிஸ்?"னு கேட்டார். கேலிதான். புள்ளை சிரிச்சுது. அந்த வருஷத்துல அது கிளாஸ்ல சிரிச்சது அன்னைக்கு ஒரு நாள்தான்னு அப்பறம் யோசிச்சப்பத்தான் தெரிஞ்சது.

இருங்க, ஒரு நிமிஷம். கை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. இல்ல. ஃபேன் காத்துல சடை ஆடியிருக்கு. ரெண்டு முழங்கையும் உடம்போட ஒட்டித்தான் இருக்குது. சொன்னேன்ல.

வயித்து வலின்னா கூட லீவ் லெட்டர் கொடுக்கணும்னு வெச்சிருந்தேன். எழுதிப் பழகட்டும்னுதான். நல்லாவே எழுதுவா. தேதி, இடம், "மதிப்பிற்குரிய மிஸ் அவர்களுக்கு" எல்லாம் சரியா இருக்கும். மார்ச் மாசத்துல ஒரு நாள் காலைல மணி அடிச்சுட்டு வந்து உக்கார்றேன், மேசை மேல ஒரு லெட்டர். எனக்கு வரி வரியா ஞாபகம் இருக்குதுங்க. "மதிப்பிற்குரிய மிஸ் அவர்களுக்கு, எனக்கு எங்க அம்மாவைப் பார்க்கணும் போல இருப்பதால் இன்று ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க. தேதி போடலைன்னு திருப்பிக் கொடுத்துட்டேன்.

கொடுத்துட்டேங்க. அவ தேதி போட்டு மறுபடியும் கொண்டு வந்தா. அதுக்குள்ள அவர் சாவி எடுக்க வீட்டுக்குள்ள வந்தவர், அதை வாங்கிப் படிச்சார். படிச்சுட்டு அந்தச் சின்ன ஸ்டூல்லயே உக்காந்துட்டார். "சுகந்தி, இது புள்ளை. பம்பு இல்ல"ன்னார். சத்தமே போடல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். நான் அழலீங்க. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன், அவ்வளவுதான். அன்னைக்கு லீவு கொடுத்தேன். அவ என்கிட்ட வந்து ஒட்டிப் படுத்துக்கிட்டா. மறுநாள் தட்டையும் கரண்டியையும் சமையல்கட்டுலயே வெச்சுட்டேன்.

என்னை நீங்க பிடிவாதக்காரின்னு நினைச்சிருப்பீங்க. தப்புன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷமே மாத்திக்குவேன். அது என் சுபாவம்.

வீட்டுல வெச்சுப் படிக்க வெக்கிறவங்க சில பேரு ஞாயித்துக்கிழமை பார்க்குல கூடறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். அங்கதான் ஷமீலாவைப் பார்த்தேன். மூணு புள்ளைங்க, மூணும் மரத்து மேல இருந்துச்சுங்க, அந்தம்மா கீழ உக்காந்து கொய்யாப்பழம் தின்னுக்கிட்டிருந்தாங்க. எப்படிங்க உங்களுக்குப் பயமே இல்லையான்னு கேட்டேன். பாடப் புத்தகமே வெக்கிறதில்லையாம். "நல்ல கதைப் புத்தகமா எடுத்து வாசிங்க. கொஞ்சமா வாசிங்க. வாசிச்சு முடிச்சதும், எங்க நீ சொல்லு பார்க்கலாம்னு புள்ளையைத் திருப்பிச் சொல்ல விடுங்க. அதுவே பாடம், அதுவே பரீட்சை. மத்த நேரம் வெளிய சுத்தட்டும். முக்கியமா, திருத்தாதீங்க"ன்னாங்க. அவ்வளவுதானான்னேன். அவ்வளவுதான்னாங்க.

வர்ற வழியிலயே பிளான் போட்டுட்டேன். ஒரு நாளைக்கு மூணு கதை. பத்து, பன்னெண்டு, ரெண்டு. ஒவ்வொண்ணும் இருவது நிமிஷம். குரலை உசத்தாம இருக்கணும்னு போன்ல அரை மணிக்கு ஒரு தடவை மணி அடிக்க வெச்சேன். அடிச்சதும் நான் குரலைத் தாழ்த்திக்குவேன். அது எதுக்கு அடிக்குதுன்னு அவளுக்குத் தெரியாது. அப்பறம் ஒரு நோட்டு போட்டேன். அவ கதையைத் திருப்பிச் சொல்லும்போது வரிசை, பெயர்கள், குரல், முகம்னு நாலு கட்டம். திருத்தக்கூடாதுன்னு ஷமீலா சொன்னதால நான் திருத்தவே இல்ல. அவ சொல்லி முடிச்சதும் என்னென்ன விட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லுவேன். அது திருத்தறது ஆகாதில்லீங்களா?

என்னங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?

ஆனா ஒண்ணு சொல்லணும். முதல் வாரம் இருக்குதே, அது மாதிரி என் வாழ்க்கையில ஒண்ணு நடந்ததில்ல. சோபாவுல உக்காந்து வாசிப்பேன், அவ தலை என் மடியில. பத்து மாசம் எதிர் எதிர்ல உக்காந்துட்டு, இப்ப அந்தத் தலையோட கனம் மடியில. எண்ணெய் வாசனை. வாசிச்சுக்கிட்டே இருக்கும்போது என் கட்டை விரலைப் பிடிச்சுக்குவா. நான் பக்கத்தைத் திருப்பணும்னா அவ விடணும், விட மாட்டா. அதனால ஒரே கையில திருப்பப் பழகினேன். எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. நோட்டையெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டிருக்கலாம்னு இப்ப உங்ககிட்டச் சொல்லும்போது தோணுது. அப்பத் தோணல.

பதினொண்ணு இருவது. பத்து நிமிஷம் தாண்டிருச்சு. இன்னும் விடல. என்ன பண்றாங்க உள்ள? ஒரு புள்ளை பேசாதுன்னு தெரிஞ்சுக்க எவ்வளவு நேரம் வேணும்?

செப்டம்பர்ல ஒரு புத்தகம் எடுத்தோம். கலங்கரை விளக்கத்துல வேலை பார்க்கிறவரோட பொண்ணு ஒருத்தி. கடற்கரையில ஒரு கூழைக்கடா றெக்கை ஒடிஞ்சு கிடக்குது. அலகுக்கு அடியில பை மாதிரி தொங்கும்ல, அந்தப் பறவை. அதைத் தூக்கிட்டு வந்து வளர்க்கறா. மூட்டைன்னு பேரு வெக்கறா. என்ற பொண்ணு அந்த மூட்டை மேல பைத்தியமா ஆயிட்டா. சோறு தின்னா கன்னத்தை உப்பிக்கிட்டு மூட்டை மாதிரியே தின்னுவா. திருப்பிச் சொல்லுன்னா நிறுத்தவே மாட்டா. என் நோட்டுல நாலு கட்டமும் டிக்.

நான் எப்பவும் மறுநாள் வாசிக்கிறதை முதல் நாளே சமையல்கட்டுல வெச்சு ஒரு பார்வை பார்த்துருவேன். செக் பண்ணாம எதையும் அனுப்பிப் பழக்கமில்ல. பார்த்தா, அறுபத்தி நாலாம் பக்கத்துல மூட்டை செத்துப் போகுது. புயல் அடிக்குது, செத்துப் போகுது. இப்பத்தான் என் புள்ளை சிரிக்குது. இதை எப்படி நான் என் வாயால வாசிக்கிறது? மென்மையா நடத்தணும்னுதானே இவ்வளவும்? அடுப்புல மைதாவைக் கரைச்சுப் பசை காய்ச்சினேன். அறுபத்தொண்ணுலருந்து அறுபத்தெட்டு வரைக்கும் நாலு தாளையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மேல அம்மிக்கல்லை வெச்சேன். ஒரு சுருக்கம் இல்லாம ஒட்டினேங்க. சும்மாச் சொல்லக்கூடாது, நல்ல வேலை.

மறுநாள் வாசிக்கும்போது அந்த இடத்துல நானே சொந்தமாச் சொன்னேன். றெக்கை சரியாயிருச்சு, மூட்டை பறந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருச்சு, அங்க அதோட சொந்தக்காரங்க எல்லாம் இருக்காங்கன்னு. "திரும்பி வருமாம்மா?"ன்னா. வரும் கண்ணு, சீசனுக்கு வரும்னேன்.

அதுதாங்க நான் பண்ணினது. அது தப்புங்களா?

அன்னைக்குச் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனவ, மறுநாளும் போனா. நெத்திலிக் கருவாடு நாலு எடுத்துக் கைப்பிடிச் சுவத்து மேல வெச்சுட்டு உக்காந்துக்குவா. காக்காய் வந்தா, "இது உனக்கில்ல"ன்னு விரட்டுவா. கடலே இல்லாத ஊருல கூழைக்கடாவுக்குக் காத்துக்கிட்டிருந்தா. நான் நோட்டுல, "இயற்கையை உற்று நோக்குதல் – நன்று"ன்னு எழுதினேன். இருவத்தி மூணு நாள். தினமும் அஞ்சு மணிக்கு. மழைத் தூறல்ல கூட. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள், "அது எப்ப வரும்னு என்கிட்ட கேக்குது சுகந்தி, நான் என்ன சொல்லட்டும்?"னார். சீசன் வரட்டும்னு சொல்லுங்கன்னேன்.

ஒரு நாள் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தா. "அம்மா, அறுபத்தொண்ணுக்கு அப்பறம் அறுபத்தெட்டு வருது." அச்சுப் பிழை கண்ணு, அப்படியெல்லாம் வரும்னேன். அந்தத் தாளு தடிமனா இருக்குதுன்னு விரலால தேச்சுக் காட்டினா. பைண்டிங் பண்ணும்போது அப்படித்தான் ஆகும்னேன். சரிங்கம்மான்னா. நான் சொன்னா நம்புவா. சின்னதுலருந்தே அப்படித்தான்.

ஞாயித்துக்கிழமை காலைல இட்லி ஊத்தி வெச்சுட்டுத் துணி காயப் போடப் போனேன். வந்து பார்க்கறேன், சமையல்கட்டுல முக்காலி மேல நின்னுக்கிட்டு, இட்லிப் பானை மூடியைக் கொஞ்சமாத் திறந்து, அந்த ஆவியில புத்தகத்தைக் காட்டிக்கிட்டிருக்கா. ஆவியில பசை இளகும்னு போன வருஷம் நான்தான் அறிவியல்ல நடத்தினேன். தபால்தலையை உரிச்சுக் காட்டினேன். நல்லா மண்டையில ஏறியிருக்கு. இவளையா மெதுவுன்னாங்க?

நான் வாசப்படியில நின்னேன். அவ என்னைப் பார்க்கல. ஒவ்வொரு தாளா உரிச்சு, கீழே இறங்கி, தரையிலயே உக்காந்து படிச்சா. எட்டுப் பக்கம். உதடு அசையுது. இட்லி தீஞ்சு போற வாசனை வருது, நான் அடுப்பை அணைக்கக் கூடப் போகல. முடிச்சுட்டு எந்திரிச்சு என் முன்னாடி வந்து நின்னா. நான் கேக்கவே இல்ல, அவளாவே கதையைத் திருப்பிச் சொன்னா. "புயல் அடிச்சுது. மூட்டை செத்துப் போச்சு. அந்தப் பொண்ணு அதை மணல்ல புதைச்சா. மூணு நாள் யார்கிட்டயும் பேசல. அவங்க அப்பா அவளைத் திட்டல, கூடவே உக்காந்திருந்தாரு. அப்பறம் அவளுக்கு விளக்கு ஏத்தச் சொல்லிக் கொடுத்தாரு. முடிஞ்சுது."

ஒரு சொல் விட்டுப்போகலீங்க. அழவும் இல்ல. மேல போய்ச் சுவத்து மேல இருந்த கருவாட்டை எடுத்துக் காக்காய்க்குப் போட்டுட்டு வந்து, கை கழுவிட்டு என்கிட்டக் கேட்டா: "ஸ்கூல் புக்குல எல்லாப் பக்கமும் பிரிஞ்சிருக்குமாம்மா?"

என்ன சொல்றது? அன்னைக்கு நோட்டுல, "வரிசை சரி, பெயர்கள் சரி, குரல் தாழ்வு"ன்னு எழுதினேன். எதுக்கு எழுதினேன்னு தெரியல. கை பழகிருச்சு.

அப்பறம் பேச்சே நின்னு போச்சு. வீம்பு இல்லீங்க, மரியாதையாத்தான் இருப்பா. பத்து மணிக்கு வந்து உக்காருவா. தலை மடியில கிடையாது, சோபாவோட அந்தக் கோடியில. நான் வாசிச்சு முடிச்சதும், சொல்லு கண்ணும்பேன். "முடிஞ்சுது"ம்பா. அவ்வளவுதான். புதுப் புத்தகம் வாங்கினேன். சிரிப்புக் கதை வாசிச்சேன். மிருகம் மாதிரியெல்லாம் கத்திக் காட்டி வாசிச்சேன், பக்கத்து வீட்டுல வந்து எட்டிப் பார்த்தாங்க. "முடிஞ்சுது." இன்னையோட பதினேழு நாளு. என் புள்ளை வாயிலருந்து ஒரு கதை கேட்டுப் பதினேழு நாள் ஆச்சுங்க.

அவங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கா, ஸ்கூலுக்குப் போகணும்னு. அவர்தான் இங்க போன் பண்ணிக் கேட்டார். "நீ கூட்டிட்டுப் போ சுகந்தி, நான் போனா அவ உன்னை விட்டுட்டு வந்ததா நினைச்சுக்குவா"ன்னார். அதான் வந்தேன். வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல நான் என்ன வேண்டிக்கிட்டு வந்தேன் தெரியுங்களா? உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. பேசிராத கண்ணுன்னு. அந்த மேடம்கிட்ட வாயைத் திறந்துராதன்னு. என்கிட்டப் பேசாதவ அவங்ககிட்டப் பேசிட்டா நான் என்ன பண்ணுவேன்? பேசலைன்னா ஜூன் வரைக்கும் என்கிட்ட இருப்பா. ஏழு மாசம் இருக்கு. ஏழு மாசத்துல நான் சரி பண்ணிருவேன். இதைவிட மோசமான பீஸையெல்லாம் சரி பண்ணியிருக்கேன்.

பீஸுன்னுட்டேனா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதாங்க.

என்னது? எங்க?

கையைப் பாருங்க. பார்த்தீங்களா? ரெண்டு கையும் மேல வந்துருச்சு. விரலையெல்லாம் விரிச்சு... இது என்ன, றெக்கையா, புயலா? தலையை ஆட்டிக்கிட்டுப் பேசறா. மேடம் நாற்காலியிலருந்து முன்னாடி சாஞ்சு கேக்கறாங்க பாருங்க. பேசறாளுங்க, என் புள்ளை பேசறா! இருங்க, நான் பக்கத்துல போய் என்னன்னு கேட்டுட்டு வந்துர்றேன். ஒரே நிமிஷம். என் பையைப் பார்த்துக்கங்க.

வந்துட்டேங்க.

ஒண்ணும் கேக்கல. கதவு கெட்டி. கண்ணாடியில மூஞ்சியை வெச்சேன், மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. உடனே இவளும் திரும்பிப் பார்த்தா. கை ரெண்டும் கீழ இறங்கிருச்சுங்க. சட்டுனு. மடியில போய்ப் பதுங்கிருச்சு. நான் சிரிச்சுத்தான் பார்த்தேன். கோபமா ஒண்ணும் பார்க்கல. நல்லாத்தான் சிரிச்சேன். இருந்தாலும் இறங்கிருச்சு.

நான் இங்க வந்து உக்காந்ததும்... பாருங்களேன், மறுபடியும் மேல வருது. முதல்ல ஒரு கை. இப்ப ரெண்டும்.

நான்தானுங்களா?

ஏங்க, நான்தானா அது? இவ்வளவு நாளும்?

வேண்டாம், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பாப்பா எந்திரிச்சிரப் போகுது.

அந்த ஆபீஸம்மா இங்கதான் வர்றாங்க. என்னைத்தான் பார்த்து வர்றாங்க. என்னங்கக்கா? மேடம் கூப்பிடறாங்களா? பொண்ணு ஏதோ கதை சொல்றாளா? ரொம்ப நல்லாச் சொல்றாளா? அம்மாவும் வந்து கேக்கட்டும்னாங்களா?

எனக்குக் கேக்கணும்க்கா. பதினேழு நாளாச்சு. கேக்கணும்னு உசுரே துடிக்குது. ஆனா வேண்டாங்க, நான் உள்ள வரல. நான் வந்தா அவ நிறுத்திருவா. அவ பாட்டுக்குச் சொல்லி முடிக்கட்டும், எவ்வளவு நேரமானாலும் சரி. பஸ்ஸு போனாப் போகட்டும். மேடம் கேட்டா, தண்ணி குடிக்கப் போயிருக்கேன்னு சொல்லுங்க. கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க. என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நான் இங்க இல்லைன்னு சொல்லிருங்கக்கா.